பெயர் உண்ணுதல்

இனி அந்தப் பெயர் எனக்கு வரும்.

மபென்ஸி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் யாராவது கேட்டிருப்பார்களோ என்று சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அறையில் இருந்த இரண்டு பெண்களும் தங்கள் வேலையில் இருந்தார்கள். ஒருத்தி வாளியில் வெந்நீரை விளாவிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி இறந்தவளின் தலையை மடியில் தாங்கி, காதுக்குப் பின்னால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மபென்ஸியின் கையில் அக்காவின் இடது பாதம் இருந்தது. குதிகால் வெடிப்புக்குள் போயிருந்த செம்மண் எவ்வளவு தேய்த்தும் வரவில்லை. நடமாட்டம் நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியும் வயல் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

விடியும் நேரத்தில்தான் அக்கா சோல்வேயின் மூச்சு நின்றது. உடம்பில் இன்னும் சூடு முழுதாக இறங்கவில்லை. அதற்குள் இப்படி ஒரு நினைப்பு எங்கிருந்து வந்தது? மபென்ஸி தலையைக் குனிந்துகொண்டு கால்விரல்களின் இடுக்குகளைத் தேய்த்தாள்.

"மெல்லடி. வலிக்கப் போகுது அவளுக்கு," என்றாள் தலையைத் தாங்கியிருந்தவள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

சோல்வே என்றால் அவர்கள் மொழியில் அதிர்ஷ்டம். மபென்ஸி என்றால் துன்பங்கள். ஒன்று இல்லை, பல.

அவர்கள் ஊரில் பெயரை யாரும் தேடிக்கொண்டு போவதில்லை. பிள்ளை பிறக்கும்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறதோ அதுவே பெயராகிவிடும். சோல்வே பிறந்த வாரம், மேயப் போய்த் தொலைந்த பசுக்கள் கன்றுகளோடு தாமாகவே பட்டிக்குத் திரும்பின. அன்று இரவே மழை வந்தது. மபென்ஸி வயிற்றில் இருந்தபோது மாடுகளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து பட்டி காலியானது. அவள் பிறப்பதற்கு முன்பே அப்பாவும் போய்விட்டார். அம்மா அதை அப்படியே பெயராக வைத்தாள். அதில் கோபம் எதுவும் இருக்கவில்லை. பிள்ளையைத் திட்ட நினைத்து வைத்த பெயர் இல்லை அது. நடந்ததை மறக்காமல் இருக்க வைத்த பெயர். பக்கத்து வீட்டில் 'துக்கம்' என்று ஒருவர் இருந்தார். அவர்தான் அந்த வட்டாரத்திலேயே நன்றாகச் சிரிக்கக்கூடியவர்.

ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் அதோடு அவள் பெயருக்கு ஓய்வு வந்துவிடும். மகள் லுயாண்டோ பிறந்ததும் சோல்வேயும் மற்றவர்களைப் போல 'பினா லுயாண்டோ', லுயாண்டோவின் தாய் ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஊர் அவளுடைய பெயரை விடவில்லை. விதைப்புக்கு முதல் விதை அவள் கையால் விழ வேண்டும். புது வீட்டில் முதல் அடுப்பை அவள் மூட்ட வேண்டும். கன்று போடத் திணறும் பசுவின் முதுகை அவள் வந்து தடவ வேண்டும். "சோல்வே, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்று வேலிக்கு வெளியே எந்நேரமும் ஒரு குரல் நிற்கும். சோல்வே கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி எழுந்து போவாள்.

மபென்ஸிக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவள் பெயருக்கு ஓய்வும் இல்லை. சோமா நகரத்தில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்துவந்தாள். அங்கே வந்த முதல் வாரமே விடுதிக் காப்பாளர், பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் இப்படி ஒரு பெயர் வேண்டாமே என்று முகம் சுளித்து, 'பேஷன்ஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெயருக்குத் திரும்ப வேண்டும் என்பது அவளுக்குப் பாதி நேரம் நினைவுக்கே வராது. காது மந்தம் என்று முடிவு செய்துவிட்டார்கள். பிறகு தான்சானியாவிலிருந்து சரக்கேற்றி வரும் லாரி ஓட்டுநர் ஒருவன் வந்தான். "எங்க பக்கம் மபென்ஸின்னா காதல், தெரியுமா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இரண்டு வருஷம் அவளோடு இருந்தான். நல்லவன்தான். அவன் அந்தப் பெயரைத் தன் ஊர் ராகத்தில், நடுவில் அழுத்திக் கூப்பிடும்போதெல்லாம், தனக்குப் பின்னால் நிற்கிற வேறு ஒருத்தியைக் கூப்பிடுகிறான் என்று அவளுக்குத் தோன்றும். ஒருமுறை உண்மையாகவே திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு அவன் லாரி வேறு பாதையில் போக ஆரம்பித்தபோது அவளுக்குப் பெரிதாக ஆச்சரியம் இல்லை.

அக்கா ஒருத்திதான் அதைச் சரியாகக் கூப்பிடுவாள். முதல் அசையை மேலே தூக்கி, மெதுவாகக் கீழே இறக்கிவிடுவாள். கேட்டால் துன்பம் எதுவும் ஞாபகத்துக்கு வராது. சாப்பிட வா என்கிற மாதிரி இருக்கும்.

மபென்ஸி பாதத்தைத் துடைத்துக் கீழே வைத்தாள். மற்றப் பாதத்தை எடுத்தாள்.

*

வெயில் ஏறுவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. ஆண்கள் வேப்பமரத்தடியில் கட்டைகளைப் போட்டுத் தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் தரையில் நெருங்கி உட்கார்ந்து பாடினார்கள். பின்கட்டில் பெரிய பானைகளில் மக்காச்சோளக் களி கிளறப்பட்டது. பட்டியிலிருந்து ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் முட்டின்டா வந்தாள்.

அவள் கழுதைப்புலிக் குலத்துக்காரி. இறந்தவளின் வீட்டார் ஆட்டுக் குலம். இந்த இரண்டு குலத்துக்கும் நடுவில் கேலி முறை உண்டு. ஒரு குலத்தில் சாவு விழுந்தால் மற்றக் குலத்தார் வந்து வாய்க்கு வந்ததைப் பேசலாம், பேச வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முட்டின்டா தன் கணவனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, இறந்தவளின் ரப்பர் பூட்ஸுகளைக் கொல்லையிலிருந்து எடுத்துக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு முற்றத்தின் நடுவே வந்து நின்றாள்.

"அதிர்ஷ்டம் செத்துப்போச்சு, துன்பம் உசிரோட இருக்கு!" என்று கையைத் தட்டினாள். "ஆட்டுக் குலத்து வீட்டுல எது நிலைக்கும்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையோடு சிரித்தார்கள். மபென்ஸியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நெஞ்சுக்குள் எங்கேயோ இடித்துக்கொண்டு வெளியே வந்தது.

வேலிப் பக்கம் ஒரு பிக்-அப் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து தாய்மாமன் ஹபீன்சுவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அம்மாவின் உடன்பிறந்தவர்களில் மிச்சமிருப்பது அவர்தான். இந்த வீட்டில் யாருக்கு எது என்று சொல்லும் உரிமை அவருக்குத்தான்.

"வந்துட்டாருப்பா விருந்தாளி!" என்று கூவினாள் முட்டின்டா. ஹபீன்சு என்றால் விருந்தினர்கள். அவர் பிறந்த அன்று வீடு கொள்ளாமல் ஆட்கள் வந்திருந்தார்கள். "பேரு வெச்ச நாள்ல இருந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்காரு. கிளம்புற பேச்சையே காணோம். ஹபீன்சு ஐயா, இன்னிக்கு எலும்பு மட்டும்தான், கறியெல்லாம் நாங்க தின்னாச்சு!"

"உன் வாயில மண்ணு விழ. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நாற்காலி போடு," என்றார் கிழவர். அவர் கண்கள் வாசலைப் பார்த்தபடி இருந்தன.

முட்டின்டா இருந்த ஒரே நாற்காலியை எடுத்து வந்து அதில் தானே உட்கார்ந்துகொண்டாள். மறுபடியும் சிரிப்பு எழுந்தது. பிறகு எழுந்து அதைத் துடைத்து அவருக்குக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பின்கட்டுக்கு வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மபென்ஸியின் பக்கத்தில் பூட்ஸுகளைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு பிடிக் கீரையைத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"பேரு உனக்குத்தான் வருது. தெரியுமில்ல?"

"தெரியல."

"தெரியலையாம்! வேற யாரு இருக்கா? உங்கம்மா வயித்துல பொறந்த பொண்ணு நீ ஒருத்திதான் மிச்சம்." காம்பை ஒடித்துப் போட்டாள். "என்னடி, வாயில எச்சில் ஊறுதா?"

கேலி முறைக்காரிக்கு எதையும் கேட்கும் உரிமை இருந்தது. மபென்ஸியின் கை கீரையில் நின்றுவிட்டது. முட்டின்டா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, "பூச்சி அரிச்ச இலையெல்லாம் போட்டு வெச்சிருக்கே பாரு. விடுதிப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் ஆக்கிப் போடுவியா?" என்றாள்.

பெயரை உண்பது என்றுதான் அதைச் சொல்வார்கள். செத்தவளின் பெயரைத் தரையில் போட்டுவிட முடியாது. தாய்வழியில் ஒருத்தி வாசலில் உட்கார்ந்து, அந்தப் பெயரால் கூப்பிடும்போது வந்தேன் என்று சொல்லி, ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். அதோடு அவள்தான் இவள். செத்தவளின் பிள்ளைகளுக்கு இவள் தாய். செத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இனி இவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இழவும் அங்கேயே முடிந்துவிடும். உயிரோடு உட்கார்ந்திருப்பவளுக்காக யார் அழுவார்கள்?

சிறு வயதில் மபென்ஸி மாட்டுப்பட்டியில் தனியாக இருக்கும்போது, தன்னைத்தானே அந்தப் பெயரால் கூப்பிட்டுப் பார்ப்பாள். சோல்வே, என்பாள். பிறகு தானே, வந்தேன், என்பாள். வாய் இனித்துப்போகும்.

*

அக்கா உயிரோடிருந்த கடைசி வாரத்தில் ஒரு மதியம். வெளியே யாரும் இல்லை. சோல்வே தானாகவே மேல்துணியை விலக்கி, இடது மார்பின் அடியில் தங்கையின் விரலைக் கொண்டுபோய் வைத்தாள். அடுப்புக் கல் மாதிரி இருந்தது. தோல் அதன் மேல் சுருங்கிப் பழுத்திருந்தது. வயிற்றுக் கோளாறு என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாள். தங்கையை விடுதியிலிருந்து வரச் சொன்னபோதும் அதையே சொல்லியனுப்பியிருந்தாள்.

"எப்போ இருந்துக்கா?"

"லுயாண்டோ கல்யாணத்துக்கு முன்னாடியே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? கல்யாண வீட்டுல சொல்லவா? அப்புறம் மழை வந்துடுச்சு. விதைப்பு நேரம். அதிர்ஷ்டத்துக்கே உடம்பு சரியில்லைன்னா எவ வந்து விதை போடுவா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தால் வலித்தது போலிருக்கிறது, பாதியில் நிறுத்தினாள்.

மபென்ஸி துணியை இழுத்துப் போர்த்திவிட்டாள். ஆஸ்பத்திரி வார்த்தைகள் பல வாய்க்கு வந்தன. எல்லாம் காலம் கடந்தவை.

சோல்வே கூரையைப் பார்த்தபடி பேசினாள். "சின்ன வயசுல நீ அழுதா யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. ஞாபகம் இருக்கா? அவ பேரே அப்படித்தானேன்னு விட்டுடுவாங்க. நீ பாட்டுக்கு ஒரு மூலையில உட்கார்ந்து அழுது முடிச்சுட்டு எழுந்து வருவே. முகமே பளிச்சுனு இருக்கும். எனக்கு அப்படியே பொறாமையா இருக்கும்."

"உனக்கா?"

"நான் ஒரு தடவை முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். என்னமோ சண்டை. அம்மா ஓடி வந்து வாயைப் பொத்துனா. மழை போயிடும், சிரின்னா."

மபென்ஸி விளையாட்டாக, "வேணும்னா இப்ப மாத்திக்கலாமா? நீ மபென்ஸியா இரு. நான் சோல்வே," என்றாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் கடைசி வார்த்தைக்கு வரும்போது குரல் கொஞ்சம் மாறியது. அது அவளுக்கே கேட்டது.

அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். தலையைத் திருப்பித் தங்கையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீ உன்னுத தர மாட்டே," என்றாள்.

"நீ தருவியா?"

சோல்வே கண்களை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று மபென்ஸி காத்திருந்தாள். இமைகள் அசைந்துகொண்டே இருந்தன.

*

மறுநாள் முற்பகலில் பட்டிக்கு அப்பால், முன்பே இறந்துபோன அவள் கணவனுக்குப் பக்கத்தில் சோல்வேயைப் புதைத்தார்கள். குழிக்குள் முட்டின்டா குதித்து, "இடம் நல்லாத்தான் இருக்கு, நானே இருந்துக்கறேன், அவளை எழுப்பி விடுங்க" என்று படுத்துக்கொண்டாள். கூட்டம் சிரித்து அவளைக் கையைப் பிடித்துத் தூக்கியது. மேலே வந்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது. மண் போடும்போது எல்லோரும் அழுதார்கள். மபென்ஸிக்குக் கண்ணீர் வரவில்லை. நாளைக்கு நானே ஆகப்போகிறவளுக்காக நான் எப்படி அழுவது என்று ஒரு கேள்வி உள்ளே குறுக்கே படுத்துக்கொண்டிருந்தது.

மாலையில் மாமா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். தீயோரமாக உட்கார்ந்து புளித்த பாலில் களியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக் குலத்துப் பெரியவர்கள் சிலர்.

"உட்காரும்மா. சாப்பிட்டியா?"

"அப்புறம் சாப்பிடுறேன் மாமா."

"நாளைக்குக் காலையில வெச்சுக்கலாம்னு பேசியிருக்கோம். தூரத்துல இருந்து வந்தவங்க எல்லாம் கிளம்பணும்." விரலை நக்கிவிட்டுத் தொடர்ந்தார். "உங்கம்மாகிட்ட நான் அப்பவே சொன்னேன். பிள்ளை மேல இந்தப் பேரை ஏத்தாதே, நடந்தது நடந்துபோச்சுன்னு. கேட்டாளா? இத்தனை வருஷம் நீ சுமந்தது போதும். நாளையில இருந்து யாரும் உன்னைத் துன்பம்னு கூப்பிட மாட்டாங்க."

அவர் குரலில் இருந்தது அன்புதான். மபென்ஸிக்கு வாழ்நாள் முழுக்க இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தது போலவும், அதே சமயம் யாரோ தன் பொருளைக் கேட்காமல் எடுத்துப் போவது போலவும் இருந்தது.

"நான் எடுக்கலைன்னா என்ன மாமா ஆகும்?"

"இது என்ன கேள்வி? எடுக்காத பேரு வாசல்லயே நிக்கும். உங்கக்கா உள்ளயும் வர முடியாம, அந்தப் பக்கமும் போக முடியாம நிப்பா. வேற ஆளைத் தேடிப் பேசி முடிக்கறதுக்குள்ள அடுத்த அறுவடை வந்துடும். அது வரைக்கும் நிக்கணுமா அவ?"

மபென்ஸி பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் எழுந்து வரும் வழியிலேயே பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு எல்லாம் முடிஞ்சதும் அப்படியே எங்க பட்டி வரைக்கும் வந்துட்டுப் போயேன். செவலை இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போட்டுடும். உங்கக்கா வந்து தடவறேன்னு சொல்லியிருந்தா, பாவம்."

"நானா?"

"பின்ன? இனி நீதானே," என்று அவள் அந்தக் கையை ஒருமுறை தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனாள்.

குழாயடியில் லுயாண்டோ பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிறைமாத வயிற்றோடு குனிய முடியாமல் காலை அகற்றி உட்கார்ந்திருந்தாள். மபென்ஸி அவள் கையிலிருந்து பானையை வாங்கிக்கொண்டாள்.

"நீ எழுந்திரு. நான் பார்த்துக்கறேன்."

"இருக்கட்டும் சின்னம்மா. வேலை செஞ்சாத்தான் நினைப்பு வராது." ஆனாலும் எழுந்தாள். இடுப்பில் கை வைத்து நின்றாள். "நாளைக்கு மேல அழக் கூடாதாமே? தாத்தா சொன்னாரு. அழவே வேண்டியிருக்காதுங்கறாரு."

"உனக்கு அழணுமா?"

"தெரியல. அழுறதை விட பயமாத்தான் இருக்கு. அம்மா கை இல்லாம இது எப்படிப் பொறக்கும்? போன தடவையே ஒண்ணு தங்கல." அவள் மபென்ஸியின் ஈரக் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "சின்னம்மா, நீங்க எடுத்துக்குங்க. மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நீங்க எடுத்துக்கிட்டா அம்மா போகலைன்னே நான் வெச்சுக்குவேன்."

உள்ளே ஏதோ ஒரு சின்னக் குதிகால் மபென்ஸியின் உள்ளங்கையை உதைத்தது. அவள் கையை எடுக்கவில்லை. இந்தப் பெண்ணுக்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றியது. ஒரு வாய் தண்ணீர்தானே.

"அம்மா கையை வைக்கும்போது சிரிப்பாங்க," என்றாள் லுயாண்டோ சிறு பிள்ளை போல. "அவங்க மாதிரி கொஞ்சம் சிரிங்களேன்."

மபென்ஸி அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் உதடுகள் இரண்டு ஓரத்திலும் மேலே ஏறுவது தெரிந்தது. அவள் ஏற்றவில்லை. அவை தாமாகவே ஏறின.

"ஆமா," என்று பெருமூச்சு விட்டாள் லுயாண்டோ. "அப்படியேதான்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, படுக்கப் போகிறேன் என்று சொல்லி நிம்மதியாக நடந்து போனாள். மபென்ஸி குழாயடியில் நின்றாள். அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. பார்ப்பதற்கு யாரும் இல்லை. ஆனாலும் அதை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியவில்லை. குழாயைத் திறந்து, கை நிறையத் தண்ணீர் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டாள். இன்னொரு முறை அடித்துக்கொண்டாள். அக்கா எத்தனை முறை வேலிக்கு வெளியே போகும்போது துணியில் கையைத் துடைத்தாள், சிரிப்பு வருவதற்கு முன்னால் முகத்தில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். நினைவில் வரவில்லை. அக்காவின் முகத்தைச் சிரிப்பு இல்லாமல் பார்த்தது, அவள் கூரையைப் பார்த்துப் பேசிய அந்த ஒரு மதியம்தான்.

*

காலையில் வாசலில் பாய் விரித்தார்கள். வீட்டுக்கு முதுகும் முற்றத்துக்கு முகமுமாக மபென்ஸியை அதில் உட்காரவைத்தார்கள். தோளில் அக்காவின் சிட்டெங்கே துணியைப் போர்த்தினார்கள். ஒரு சுரைக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு, மேலே ஒரு சிட்டிகை மாவு தூவி, அவள் இரண்டு கைகளிலும் கொடுத்தார்கள். மாமா எதிரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். மண்டிபோட்ட பெண்களுக்கு முன்னால் லுயாண்டோ வயிற்றைத் தாங்கிக்கொண்டு இருந்தாள். மூட்டை முடிச்சுகள் கட்டி வேலியோரம் வைக்கப்பட்டிருந்தன.

"சோல்வே," என்று கூப்பிட்டார் மாமா. வயதான குரல், ஆனாலும் முற்றத்தின் கடைசி வரை போனது. "எங்கே போயிருந்தே? பிள்ளை தேடுது. வீட்டுக்கு வந்துட்டியா?"

வந்துட்டேன் என்று சொல்லிக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. இதுவரை யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. தாகத்தோடு பார்த்தார்கள். அவளிடம் ஏதோ இருக்கிறது, அதை அவள் தரப்போகிறாள் என்பது போலப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. குளிர் காலையில் தீப் பக்கம் உட்கார்ந்தது மாதிரி இருந்தது. அவளுக்கும் உண்மையாகவே நா வறண்டிருந்தது. கிண்ணம் உதட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"சோல்வே. வந்துட்டியாம்மா?"

அவள் வாய் திறக்கவில்லை.

"என்ன, அதிர்ஷ்டத்துக்குக் காது அடைச்சுப்போச்சா?" என்று பின்னாலிருந்து முட்டின்டா குரல் கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மாமா முன்னால் சாய்ந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "ஒரே ஒரு வாய் போதும்மா. குடி," என்றார்.

மபென்ஸி லுயாண்டோவைப் பார்த்தாள். லுயாண்டோ கண்ணில் நீரோடு, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலத் தன் உதடுகளை இரண்டு பக்கமும் மெல்ல விரித்துக் காட்டினாள்.

மபென்ஸி கிண்ணத்தை முன்னால் நீட்டினாள்.

"கை வலிக்குது மாமா. இதை வாங்கிக்குங்க."

கிழவர் வாங்கவில்லை. அவர் கைகள் முழங்காலிலேயே இருந்தன. "அவ வாசல்ல நிப்பாடி," என்றார். குரல் உடைந்திருந்தது. "உங்கக்கா. நிப்பா."

"நிக்க வேண்டாம் மாமா. வந்து உட்காரட்டும்."

தளும்பாமல் கிண்ணத்தைத் தனக்கும் அவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். மாவு மெதுவாக ஒரு ஓரத்துக்கு ஒதுங்கியது. பிறகு அவள் பாயில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இன்னொருத்தி உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.